காலணா வரியில் போட்ட ரயில் பாதை

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னிந்திய ரயில்களின் ஆரம்ப காலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன முதல் ரயில், அடுத்த சில வருஷங்களில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை போட்ட பாதை என்று முக்கியமானவை எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்தான், நாம் ஏறிப் போனோம் என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடுகிறது. எங்கள் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) – முத்துப்பேட்டை லைனுக்கு அது பொருந்தாது. அந்த லைனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த கம்பெனி ரயில்களுக்குப் பணம் லண்டனில் பங்கு விற்றுத் திரட்டியது. பங்கு வாங்கியவருக்குப் பெரும்பாலும் 5 சதவீத வட்டிக்கு அரசே உத்தரவாதம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி போய்ச் சேர்ந்துவிடும். குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இதைவிடக் கவலையில்லாத வியாபாரம் கிடைக்காது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு, அதாவது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, வேறு வழியில் போனது. ரயில் பாதை போடுவதற்கென்றே நிலத்தின் மீது தனியாக ஒரு வரி போட்டது. நிலத்தின் வருஷ வாடகை மதிப்பில் ரூபாய்க்கு 3 பை, அதாவது காலணா (ரூபாயில் 64-ல் ஒரு பங்கு). ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த நிலவரிக்கு மேல் இது. அப்படிச் சேர்த்த பணத்தை வைத்துத்தான் மாயவரத்திலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைலுக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. 1894-ல் வண்டி ஓடியது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு சொந்தமாகப் போட்ட முதல் ரயில் பாதை இதுதான். சொத்து போர்டுக்கு; வண்டி ஓட்டும் வேலை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனிக்கு.

இதை மக்களாட்சியின் வெற்றி என்று தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. அன்றைக்கு போர்டுக்குத் தலைவர் கலெக்டர்தான். வரியை நிலச் சொந்தக்காரரான மிராசுதார் கட்டினார். கடைசியில் அது உழுதவன் தலையில்தான் விழுந்திருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பணம் இந்த மண்ணில் விளைந்த நெல்லிலிருந்து போனது. லண்டனிலிருந்து வரவில்லை.

தேவை இருந்ததால்தான் அவ்வளவு பாடு. சென்னையிலிருந்து வந்த மெயின் லைன் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவின் வடக்கு ஓரமாகவே போய்விட்டது. தெற்கே நன்னிலம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் ஐப்பசி மழை பிடித்தால் களிமண் சாலையில் நெல் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். குறுக்கே அரசலாறு, வெட்டாறு, வெண்ணாற்றுக் கிளைகள், போதாக்குறைக்கு வாய்க்கால்கள். ஒவ்வொன்றுக்கும் பாலம் கட்டித்தான் இந்தப் பாதை போனது. பிறகு பாதை நீண்டு 1902-ல் பட்டுக்கோட்டைக்கும் 1903-ல் அறந்தாங்கிக்கும் போனது. 1915-ல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு ஒரு கிளை. ஏ.டி. பன்னீர்செல்வம் போர்டு தலைவராக இருந்த காலத்தில், 1926-ல், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு இன்னொரு கிளை.

அப்புறம் நடந்ததுதான் வருத்தம். மன்னார்குடி கிளையை மூடினார்கள். தரங்கம்பாடி கிளையையும் மூடினார்கள். கேட்டால் வருமானம் இல்லை என்பதுதான் பதில். மன்னார்குடிக்கு 2011-ல் ரயில் திரும்பி வந்தது. தரங்கம்பாடிக்கு இன்னும் வரவில்லை. எங்கள் லைனின் தெற்குப் பகுதியும் சேர்ந்த திருவாரூர் – காரைக்குடி பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாற்ற 2012-ல் மூடி, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே 2018-லும் மிச்சத்தை 2019-லும் திறந்தார்கள்.

திறந்த புதிதில் அந்த ரயிலில் போனவர்களுக்கு மறக்காது. லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர் கிடையாது. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்பக்கத்தில் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்பக்கத்தில் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். இப்படியே 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் பஸ்ஸில் கிட்டத்தட்ட சென்னைக்கே போய்விடலாம். இந்த லட்சணத்தில் வண்டி ஓட்டினால் யார் ஏறுவார்கள்? பிறகு கூட்டம் இல்லை, வருமானம் இல்லை என்று கணக்கு எழுதினால் அந்தக் கணக்கில் என்ன நியாயம்? 2023-ல் தாம்பரம் – செங்கோட்டை எக்ஸ்பிரஸ் இந்த வழியாக ஓடத் தொடங்கியது. ஒழுங்கான நேரத்துக்கு வண்டி விட்டால் எங்கள் ஆட்கள் ஏறத்தான் செய்வார்கள்.

லாப நஷ்டம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கும்போது முதலீடு போட்டது யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன். போர்டின் பாதை இன்று மத்திய அரசின் ரயில்வேயோடு கலந்துவிட்டது, சரி. அதற்காக டெல்டாவுக்கு விடும் வண்டியைச் சலுகை போலப் பேசுவது சரியில்லை.

ஒரு யோசனை. திருவாரூர் ஜங்ஷனில் இரண்டு பழைய பாதைகள் சந்திக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் போவது லண்டன் கம்பெனி போட்டது. மாயவரத்திலிருந்து தெற்கே போவது காலணா வரியில் போட்டது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. தமிழில் நாலு வரி எழுதி ஒரு பலகை வைக்கத் தெற்கு ரயில்வேக்குப் பெரிய செலவு ஆகாது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தஞ்சாவூரைப் பார்த்து மற்ற போர்டுகளும் இறங்கின. திருநெல்வேலி – திருச்செந்தூர் லைன் 1923-ல் அப்படி வந்ததுதான். ஆந்திரப் பக்கம் தெனாலி – ரேபல்லே லைனும் போர்டு போட்டதே. ஜில்லா போர்டு ரயில்களுக்கென்று தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். திருச்செந்தூர் பக்கத்து வாசகர்களும் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேரளம்