கதிருக்கு, பகலில் படிக்க

கதிர்,

நீ சுட்ட தோட்டாக் கூடுகளின் மூன்று படமும் வந்தது. ஏழு வாரம் கழித்து மூன்று படம், கூடவே ‘இது சரியா பாரும்மா’ என்று ஒரு வரி. எனக்கு இங்கே பிரிஸ்பேனில் சாயங்காலம் நாலு நாற்பது. உனக்கு ஒட்டாவாவில் விடியற்காலை இரண்டு நாற்பது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சரியில்லை. நீயே பவுடர் அடைத்த 50 தோட்டாப் பெட்டியில் மூன்று குழி காலி. மீதி 47-இல் ஒன்றைக்கூட இனிச் சுடாதே. மூன்றோடு நிறுத்தினாயே, அந்த நிதானத்தை உனக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெட்டியைக் காலி செய்துவிட்டு அப்புறம்தான் குனிந்து பித்தளைக் கூட்டைப் பொறுக்கிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

முதல் படத்தில் பிரைமரின், அதாவது கூட்டின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடியின், ஓரம் உருண்டையாக இல்லை. தட்டையாகி, குழியின் விளிம்புவரை நிரம்பிவிட்டது. இதை மட்டும் வைத்து நான் பயப்படமாட்டேன். சில பிரைமரின் தகடு மெலிசு, அளவான அழுத்தத்திலேயே சப்பிவிடும். இரண்டாவது படம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. அடியில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறதே, அது போல்ட் முகத்தில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பித்தளை பிதுங்கிய தடம். பித்தளை அப்படி வழிந்தோடுகிறது என்றால் அழுத்தம் எல்லை தாண்டிவிட்டது. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கை கனத்ததா? நீ எழுதவில்லை. கனத்திருக்கும்.

மூன்றாவது படம் வேறு நோய். அடியிலிருந்து முக்கால் சென்டிமீட்டர் மேலே வெளிறிய ஒரு வளையம். சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கும் சைஸிங் டையை, கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் முட்டும்வரை இறக்கியிருக்கிறாய், டை பெட்டியில் இருக்கிற காகிதம் அப்படித்தான் சொல்லும். கூட்டின் தோள்பட்டை தேவைக்கு மேல் பின்னால் போகிறது, ஒவ்வொரு சூட்டிலும் கூடு நீள்கிறது, நீளும் இடத்தில் சுவர் மெலிகிறது. ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை மடக்கி உள்ளே விட்டு, சுவரோடு உரசி மேலே இழுத்துப் பார். வளையத்துக்கு நேரே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தப் பித்தளை மொத்தமும் குப்பைக்கு. சுட்ட கூட்டின் தோள்பட்டையைக் கம்பாரேட்டரில் அள, சைஸ் செய்தபின் மறுபடி அள. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு போதும். டையின் மரையில் ஒரு முழுச் சுற்று ஆயிரத்தில் 71, அதனால் திருகுவதாக நினைக்காதே, தொட்டு நகர்த்துவதாக நினை.

இனி அழுத்தம். நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். நான் தோட்டாக் கணக்கு எழுதும் நீலநோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்ட பவுடர் எடையை எடுத்திருக்கிறாய். நான் போடும் பவுடர் ஏஆர்2208, நீ வாங்கியது வார்கெட். நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா ஆலையில் செய்கிற ஒரே பவுடர்தான் இரண்டு பெயரில் விற்கிறது, ஆகையால் எண்ணும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பாய். பவுடர் ஒன்று. மற்றதெல்லாம் வேறு. லாட், அதாவது தயாரித்த தொகுதி, வேறு. உன் பித்தளையின் அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருக்கிறது, அது நேட்டோ ராணுவப் பித்தளை. நான் போட்டது லபுவா கம்பெனிப் பித்தளை. ராணுவக் கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிமன், உள்ளே இடம் குறைவு, அதே பவுடர் அதிக அழுத்தம் தரும். சந்தேகமென்றால் சுட்ட கூடு இரண்டிலும் தண்ணீர் நிரப்பி எடை போட்டுப் பார். உன் பேரலின் தொண்டை நீளமும் வேறு. நான் எழுதிய தோட்டாவின் மொத்த நீளம் என் ரைஃபிளில், பேரலுக்குள் சுருள் வரியாக ஓடும் ரைஃப்ளிங்கைத் தொடாது, உன்னுடையதில் குண்டு அதில் போய் முட்டிக்கொண்டிருக்கலாம். முட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும். நுனிவரை அளப்பதை விடு, குண்டின் வளைவிலிருந்து அள. ரைஃப்ளிங்குக்கு ஆயிரத்தில் 20 இடைவெளி விட்டுத் தொடங்கு. 155 கிரெயின் எடையுள்ள குண்டுகள் இதில் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை.

கீழே இருந்து தொடங்கு. உன் குண்டுக்கும் உன் பவுடருக்கும் உரிய கையேட்டின் தொடக்க அளவிலிருந்து, 0.3 கிரெயின் படியாக. ஒவ்வொரு படியிலும் அழுத்தம் பார்க்க ஒரு தோட்டா, இரண்டு தோட்டா போதும். முதல் அறிகுறியில் நிறுத்து. அறிகுறி வராவிட்டாலும், கையேடு சொல்கிற வேகத்தை உன் குரோனோகிராப், அதாவது குண்டின் வேகம் அளக்கும் கருவி, தொட்டால் நிறுத்து. பேரல் நீள வித்தியாசத்துக்கு அங்குலத்துக்கு வினாடிக்கு 20, 25 அடி சேர்த்துக்கொள், அதற்கு மேல் வேகம் சும்மா வராது. உன் .308 தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ என்று புத்தகத்தில் இருக்கிறது, அதை அளக்கும் கருவி உன்னிடமும் இல்லை என்னிடமும் இல்லை. வேகம் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கிற சாட்சி.

அதன்பிறகுதான் சீர் பார்ப்பது. 1,000 கெஜத்தில் வினாடிக்கு 10 அடி வேக வித்தியாசம் ஏறக்குறைய 3 அங்குலம் மேலும் கீழுமாகக் காட்டும். ஐந்து தோட்டா சுட்டு, அழகான எண் வந்தது என்று எனக்குப் படம் அனுப்பாதே. இருபது சுடு, அப்புறம் நம்பு. 0.1 கிரெயின் பவுடர் உன் தோட்டாவில் 5 அடி வேகம். ஃபேன் காற்றில் எலக்ட்ரானிக் தராசு அதைவிட அதிகமாகவே நகரும். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை எடைக்கல் வைத்துப் பார். தாத்தாவின் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின், நீ எடையில் பிடிக்க வேண்டிய வித்தியாசம் அதில் இருபதில் ஒரு பங்கு. விளக்கு வைத்தபின் பட்டறையில் அவர் தராசைத் தொட்டு நீ பார்த்திருக்கிறாயா? ராத்திரியில் பவுடர் டப்பாவைத் திறக்காதே. மனசு வேறெங்கோ இருக்கும்போதும் திறக்காதே. இரண்டு பவுடரை ஒரே மேசையில் வைக்காதே.

ஏப்ரலில் கேட்டாயே, .308 ரைஃபிளை விற்றுவிட்டு 6.5 கிரீட்மோர் ரைஃபிள் வாங்கட்டுமா என்று. நான் பதில் போடவில்லை. காற்றுக்கு அது நல்லது, பொய் சொல்லமாட்டேன். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 1,000 கெஜத்தில் 155 கிரெயின் .308 எட்டரை நிமிடக் கோணம் தள்ளிப்போகும், 140 கிரெயின் 6.5 ஏறக்குறைய ஆறரை. ஆனால் டார்கெட் ரைஃபிள் போட்டியில் .308, .223 இரண்டுக்கும்தான் இடம், எஃப்-டிஆர் பிரிவிலும் அப்படியே. 6.5 எடுத்தால் எஃப்-ஓபன் பிரிவுக்குப் போக வேண்டும். (அந்த எஃப் கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்கார்சனின் எஃப்.) அங்கே போனால் .284 வின்செஸ்டரில் 180 கிரெயின் குண்டு போடுகிறவர்கள் நடுவில் நிற்பாய். பேரலும் சீக்கிரம் தேயும், .308 தாங்குவதில் பாதி என்று வைத்துக்கொள். இந்த சீசன் இருப்பதோடு இரு. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டாம், கதிர்.

168 கிரெயின் மேட்ச்கிங் குண்டு விலை குறைவாகக் கிடைத்தாலும் 900 மீட்டருக்கு வாங்காதே. அதன் வால் சரிவு 13 டிகிரி, ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தள்ளாடும். 300-க்கும் 600-க்கும் நல்ல குண்டு, அவ்வளவுதான். 175-க்கு வால் 9 டிகிரி, தாங்கும், ஆனால் டார்கெட் ரைஃபிளில் 156-க்குக் கீழே இருக்க வேண்டுமே.

இவ்வளவும் எழுதிவிட்டு நீலநோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எண் இருக்கிறது, அடிக்கோடு இருக்கிறது. பித்தளை எது என்று இல்லை. எந்த மாதம், எவ்வளவு வெயில் என்று இல்லை. அந்த எண் கையேட்டின் உச்சத்துக்கு மேலே என்பதும் இல்லை. தெரிந்தேதான் போட்டேன். ஜனவரி வெயிலில் போல்ட் இறுகியது, கையை ஓங்கித் தட்டித் திறந்தேன், அதையும் எழுதவில்லை. குண்டு இலக்குவரை ஒலியைவிட வேகமாகப் போகவேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். 30 அங்குல பேரலில் கையேட்டுக்குள்ளேயே வினாடிக்கு 2,900 அடியை ஒட்டி வரும், அதுவே போதும், அதுவும் எனக்குத் தெரியும். பதினேழு வயதில் நீ என் பக்கத்தில் படுத்துச் சுட்டதும் அந்தத் தோட்டாதான். ஸ்கோர் நன்றாக வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. நீ படம் எடுத்துக்கொண்டு போனபோதாவது சொல்லியிருக்கலாம். அம்மா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நீ நம்பினாய். நான் அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டு, விட்டுப்போனதை எல்லாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் போனில் இருக்கும் படத்தை அழித்துவிடு.

டொரொன்டோவிலிருந்து சித்தி பேசினாள். ஏதோ சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன், அவளிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு வீட்டில்தான் செய்கிறாயா?

47 தோட்டாவையும் பிரித்துவிடு. குண்டைப் பிடுங்க பிரஸ்ஸில் மாட்டும் காலெட் புல்லர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் சுத்தியல் மாதிரி இருக்கிறதே, அதில். கண்ணாடி போட்டுக்கொள். எடுத்த பவுடரை டப்பாவில் திரும்பக் கொட்டாதே, புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிடு. கீறல் விழுந்த குண்டுகளை 300 மீட்டர் பயிற்சிக்கு வைத்துக்கொள். பிரைமர் இருக்கும் காலிக் கூடுகளை மேசையில் தட்டி எடுக்க வேண்டாம், ரேஞ்சில் ரைஃபிளில் போட்டு வெறும் பிரைமராக வெடித்துவிட்டுக் குப்பையில் போடு.

பிரித்து முடித்ததும் எண்ணிப் பார்த்து 47 என்று சொல். எழுத வேண்டாம், கூப்பிட்டுச் சொல். உனக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்கு ராத்திரி பத்து. நான் விழித்திருப்பேன்.

அம்மா