வைகாசிக்கு முன்னால் வேண்டாம், அம்மிணி

கோபிசெட்டிபாளையம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பின போட்டோக்களை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூக்குக்கு இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேறொரு இடத்தில் மாசியில் தேதி தருகிறார்கள், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு, கட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே கண்ணு. இரண்டாவது ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாசியில் கூடாது. வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு கூடவே கூடாது. போனில் பேசினால் பாதியில் நீ அழுதுவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பெரியம்மா எல்லார் முன்னாலும் “சாமி கொடுத்த மூக்கில் கத்தி வைத்தால் இப்படித்தான்” என்று சொன்னதும் நீ சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போனது எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. மூக்கைச் சரிசெய்வது இந்த நாட்டில் சுசுருதர் காலத்திலிருந்தே இருக்கிற வைத்தியம். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை நம் சத்தியமங்கலம் பக்கமாக இறங்கி, அகப்பட்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்துக்கொண்டே மதுரை வரைக்கும் போனது. மூக்கறுப்புப் போர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பாய். அப்புறம் 1792இல் இங்கிலீஷ் படைக்கு வண்டி ஓட்டிய ஒருவர் திப்பு படையிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனே பக்கத்தில் ஒருவர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794இல் அது லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. அதைப் படித்துத்தான் அங்கே கார்ப்யூ என்ற டாக்டர் 1814இல் அந்த ஆபரேஷனைச் செய்தார். அறுபட்ட மூக்கைத் திரும்பக் கேட்டவரும், கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிற மூக்கை மாற்றக் கேட்ட நீயும் எனக்கு ஒன்றுதான். நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நடக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

சரி, உன் மூக்குக்கு வருகிறேன்.

ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது. தண்டின் மேல் இருந்த மேடு போய்விட்டது, அது நன்றாகத்தான் வந்திருக்கிறது. நுனிக்குக் கொஞ்சம் மேலே உப்பலாக நிற்கிறதே, பக்கவாட்டுப் போட்டோவில் நீ சிவப்பு வட்டம் போட்டிருந்தாயே, அந்த இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த உப்பலுக்கு மூன்று காரணம் இருக்கலாம். இன்னும் வற்றாத வீக்கமாக இருக்கலாம். தோலுக்கு அடியில் வடு தடித்திருக்கலாம். இல்லாவிட்டால் குருத்தெலும்பைப் போதுமான அளவு குறைக்காமல் விட்டிருக்கலாம். முதல் இரண்டும் காலத்தாலும், தேவைப்பட்டால் அளவாகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசியாலும் இறங்க வாய்ப்புண்டு. மூன்றாவதற்குத்தான் கத்தி வேண்டும். இதில் எது என்று வெறும் போட்டோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உனக்கு அப்புச்சியின் தோல், கனமான தோல். அப்படிப்பட்ட மூக்கில் நுனி வீக்கம் முழுசாக வற்ற ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும். அதனால்தான் மறு ஆபரேஷனுக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது பொறு என்று விவரம் தெரிந்த டாக்டர்கள் சொல்கிறார்கள். உன்னை நேரில் பார்க்காமலே தேதி கொடுக்கிற இடத்தை என்னால் நம்ப முடியவில்லை.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதல் தடவை திறக்கும்போது தோல், குருத்தெலும்பு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து வரும். இரண்டாம் தடவை எல்லாம் வடுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நேரம் அதிகம் பிடிக்கும், தோலுக்குப் போகிற ரத்த ஓட்டத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், முட்டுக் கொடுக்கக் குருத்தெலும்பு வேண்டும். மூக்கின் நடுச்சுவரிலிருந்து எடுப்பதுதான் வழக்கம், உனக்கு அதை முதல் தடவையே எடுத்திருக்கலாம். பிரித்துத் தைக்கிற ரவிக்கையில் துணி மிச்சமிருக்காது என்பார்களே, அந்தக் கதைதான். அப்போது காதிலிருந்து எடுப்பார்கள். காதுக் குருத்து வளைந்தும் மெத்தென்றும் இருக்கும், தண்டைத் தாங்கப் போதாமல் போகலாம். அதுவும் போதாதென்றால் விலா எலும்பின் குருத்து. அது உறுதியானது, ஆனால் நாளாக நாளாக வளையக்கூடும், நெஞ்சில் தழும்பு, சில வாரம் வலி, அபூர்வமாக நுரையீரல் உறையில் ஓட்டை விழுகிற அபாயமும் உண்டு. உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மூன்றாவது தடவை என்று ஒன்று வந்தால் இதைவிடக் கஷ்டம். அதனால் இரண்டாவதுதான் கடைசியாக இருக்க வேண்டும், அதற்கு அவசரமே கூடாது.

அம்மிணி, கல்யாணப் போட்டோவில் நன்றாக வர வேண்டும் என்றுதானே மாசியில் செய்யப் பார்க்கிறாய்? மாசியில் செய்தால் வைகாசிக்கு மூன்று மாதம். இரண்டாவது ஆபரேஷனின் வீக்கம் முதலாவதைவிட மெதுவாகத்தான் வற்றும். மணவறையில் நீ உட்காரும்போது மூக்கு இப்போது இருப்பதைவிட உப்பிப்போய் இருந்தாலும் இருக்கும். சீர், மாலை மாற்றுவது, தலையில் பூ வைக்கிறேன் என்று ஆளாளுக்குக் கையை முகத்துக்கு நேரே கொண்டுவருவது, எல்லாவற்றையும் நினைத்துப் பார். ஆறாத மூக்கில் ஒரு முழங்கை பட்டால் என்ன ஆகும்? மாப்பிள்ளை உன்னைப் பார்த்ததும் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் இந்த மூக்கோடுதான். அவருக்காக என்று மட்டும் சொல்லாதே.

இதெல்லாம் அழகு பற்றியது. எனக்கு நிஜமாகவே கவலை தருவது உன் மூச்சு. பொங்கல் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். இரண்டு தலையணை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து. எத்தனை நாளாகப் போடுகிறாய்? அந்த மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். போடப் போட அடைக்கும், அடைக்க அடைக்கப் போடச் சொல்லும். இன்றைக்கே நிறுத்து. உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே போதும். அப்புறம் ஒன்று செய்து பார். கண்ணாடி முன்னால் நின்று, இடது மூக்கின் பக்கத்துக் கன்னத்தை விரலால் மெதுவாகக் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சை இழு. காற்று சட்டென்று தாராளமாகப் போனால், உள்ளே வால்வு என்று சொல்கிற குறுகலான இடம் ஒடுங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மேட்டைச் சீவும்போது முட்டுக் குறைந்துவிட்டால் அப்படி ஆகும். ஈ.என்.டி. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிடுவார். இதைக் காட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே காட்ட வேண்டும். பிற்பாடு ஆபரேஷன் வேண்டும் என்று முடிவானால் மூச்சுக்கும் அழகுக்கும் சேர்த்து ஒரே தடவையில் செய்யலாம். மூச்சைக் கவனிக்காமல் உப்பலை மட்டும் சீவிவிட்டால் முட்டு இன்னும் குறையும்.

போட்டோ விஷயம். கையை மடக்கி முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்காவில் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து அடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல், வேறு மூக்கு தெரியும். நீ அனுப்பினது முழுக்கக் குளியலறை விளக்கில் எடுத்த செல்ஃபி. மாமா வீட்டுப் புதுமனை விசேஷத்துக்கும் இந்த மூக்குக்காகவே வராமல் இருந்துவிட்டாய். நாள் முழுக்க நினைப்பு அங்கேயே போகிறது என்றால் மனநல டாக்டரிடம் கொஞ்சம் பேசு கண்ணு. பைத்தியம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. நல்ல சர்ஜன் கத்தியை எடுப்பதற்கு முன்னால் தானாகவே இதைக் கேட்பார்.

நடுவில் யாராவது ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கு அடியில் ஜெல் ஏற்றி நிரப்புகிற ஊசி போட்டு மேடு பள்ளத்தைச் சமன் செய்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. ஆபரேஷன் ஆன மூக்கில் அது ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் தோல் கருகும், கண் பார்வைகூடப் போயிருக்கிறது.

முதலில் செய்த இடத்தில் இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்கிறார்களே, அவர்களிடம் கோபப்படாமல் பேசு. நமக்கு அவர்களிடமிருந்து வேண்டியது ஆபரேஷன் நோட்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எங்கே வெட்டினார்கள், எங்கிருந்து குருத்து எடுத்தார்கள், எதை எங்கே தைத்தார்கள் என்று எழுதியிருக்கிற காகிதம். முன் பின் போட்டோக்களையும் கேள். இலவசம் என்பதற்காக அங்கேயே போக வேண்டாம். இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் காட்டுவோம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற மேற்படிப்பு படித்தவர், அல்லது மூக்கு ஆபரேஷனிலேயே ஊறின ஈ.என்.டி. சர்ஜன். எத்தனை மறு ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள், குருத்து எங்கிருந்து எடுப்பீர்கள், எதைச் சரிசெய்ய முடியாது என்று கேட்போம். மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர்தான் எனக்குப் பிடித்த டாக்டர். கம்ப்யூட்டரில் மூக்கை மாற்றிக் காட்டுகிற படத்தை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளாதே. கோயம்புத்தூரிலேயே ஆள் இருக்கிறார்கள். மெஷினில் கை துண்டாகி வந்தவர்களுக்கு ஒட்டவைத்துக் கொடுத்துப் பேர் வாங்கின கங்கா ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் அங்கே யாரும் விளம்பரம் பார்த்துப் போவதில்லை.

கல்யாணம் முடிந்து, கார்த்திகை வாக்கில் மறுபடி பார்ப்போம். அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். அப்போதும் உனக்கு வேண்டும் என்று தோன்றினால் செய்துகொள். பணம் நாங்கள் தருகிறோம், அப்பாவிடம் பேசிவிட்டேன். தியேட்டர் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன், பெரியம்மாவுக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதைக்கு அந்த நோட்ஸை வாங்கு. திங்கட்கிழமைக்கு ஈ.என்.டி. டாக்டரிடம் டோக்கன் சொல்லி வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிடு. அப்பா ஈரோடு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். எந்த ரயில் என்று மட்டும் சொல்.

அம்மா