எலிக்குக் குணமானால் எலிக்கு என்றே தலைப்புப் போடுங்கள்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகளின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே சுரக்காது, வெளியிலிருந்துதான் போட வேண்டும். அன்றிலிருந்து நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி. விரலில் குத்திப் பார்ப்பது தனிக் கணக்கு.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை "இனி இன்சுலின் தேவையில்லை" என்று உங்களில் யாராவது தலைப்புப் போடுகிறீர்கள். விடிந்ததும் வாட்ஸ்அப்பில் சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாக அனுப்புவார்கள். போன வருடம் என் மாமியார் பேப்பரும் கையுமாக வந்து, "அதான் மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே, ரெண்டு நாள் ஊசிய விட்டுத்தான் பாரேன்" என்றார். பேத்தி மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். டைப் 1 பிள்ளைக்கு இரண்டு நாள் இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியூவில் கொண்டுபோய் விடும். அவருக்கு அது தெரியாது. அவர் கையிலிருந்த செய்தியிலும் அது இல்லை.

மகள் இந்தச் செய்திகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறாள். பழையவற்றை நெட்டில் தேடிப் பிரிண்ட் எடுத்தும் ஒட்டுவாள். யாருக்குக் குணமானது என்று பக்கத்தில் பென்சிலால் குறிப்பு. எலி. எலி. நாய். மறுபடி எலி. "எலியாப் பொறந்திருந்தா எனக்கு எப்பவோ சரியாப் போயிருக்கும்மா" என்று ஒருநாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த நாய் விஷயம் நிஜமாகவே அருமையான ஆராய்ச்சி. பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஃபாத்திமா போஷ் குழு 2013இல் வெளியிட்டது. நோய் உண்டாக்காத ஒரு வைரஸை வண்டியாக வைத்து, அதில் இரண்டு மரபணுக்களை ஏற்றி, பீகிள் நாய்களின் பின்னங்கால் தசையில் ஒரே தடவையாக ஊசி போட்டார்கள். ஒரு மரபணு இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்னொன்று குளுக்கோகைனேஸ், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். ஒன்றை மட்டும் போட்டபோது பலிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது நான்கு வருடத்துக்கும் மேல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஓடவிட்டபோதுகூட 'லோ' ஆகவில்லை, அதாவது சர்க்கரை ஆபத்தாகக் குறையவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மகளின் கழுத்தில் வியர்வை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவளுக்குத்தான் அந்தக் கடைசி வரியின் அருமை தெரியும்.

ஆனால் அந்த நாய்களுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்ததே ரசாயனம் கொடுத்துத்தான். என் மகளுக்கு அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் கிட்டெஸ் குழு, என் மகளைப் போலவே எதிர்ப்புச் சக்தியால் நோய் வந்த எலிகளின் கணையத்துக்குள் வைரஸ் வழியாக மரபணுக்களை அனுப்பி, அங்கேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் என்ற வேறு வகைச் செல்களை இன்சுலின் சுரக்கும் செல்களாக மாற்றிக் காட்டியது. சுமார் நான்கு மாதம் சர்க்கரை இயல்பாக இருந்தது. அப்புறம் நோய் திரும்பிவிட்டது. அதையும் சேர்த்துப் போட்டால்தானே செய்தி?

நோட்டில் 'ஆள் - 1' என்று ஒரே ஒரு குறிப்பு உண்டு. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனை, 2025இல் வெளியான ஆய்வு. தானமாகக் கிடைத்த கணையச் செல்களை, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்தி, 42 வயதுக்காரர் ஒருவரின் கைத்தசையில் வைத்தார்கள். எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எதுவும் இல்லாமலே அந்தச் செல்கள் உயிரோடிருந்து இன்சுலின் சுரந்தன. பெரிய விஷயம்தான். ஆனால் வைத்தது கொஞ்சம் செல்களே. அவர் தினசரி ஊசியை நிறுத்தவில்லை. இதையும் "ஊசிக்கு விடை" என்று எழுதியவர்கள் உங்களில் உண்டு.

இன்னொன்று. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் டைப் 2, அதாவது இன்சுலின் சுரந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாத வகை. நான் மேலே எழுதியவையெல்லாம் டைப் 1ஐ மனத்தில் வைத்துச் செய்தவை. "சர்க்கரை நோய்" என்று மொட்டையாகப் போட்டால், மாத்திரை சாப்பிடுகிற என் அண்ணன் தனக்கு என்று நினைத்துக்கொள்கிறார்.

ஆகவே என் விண்ணப்பம் சின்னது. எந்த உயிருக்கு, எத்தனை பேருக்கு, எந்த டைப், எத்தனை மாதம் - இந்த நான்கையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். "மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள்" என்று ஒரு வரி, கடைசியில் பொடி எழுத்தில் இல்லாமல்.

மரபணு சிகிச்சை பற்றி எழுத ஆசையிருந்தால் வேலூருக்குப் போய் வாருங்கள். சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நோயாளிகள் ஐந்து பேருக்கு, ரத்த அணுக்களை உண்டாக்கும் அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்குமே ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024 டிசம்பரில் கட்டுரை வந்தது. ஐந்தே பேர் என்பதை அந்த மருத்துவர்கள் மறைக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு இங்கே அப்படி ஒரு முயற்சி தொடங்க என்ன வேண்டும், யார் பணம் போட வேண்டும், கைகூடினால் என்ன விலை ஆகும் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதை என் மகள் கட்டாயம் கத்தரித்து ஒட்டுவாள்.

இப்படிக்கு,
ஒரு டைப் 1 பிள்ளையின் அம்மா