ஃபைலை எடுத்தது ஸ்கேனர், சந்தேகம் மனிதர் மேல்

ஒருமுறை மட்டும் திறக்கும் லிங்க் வழியாகக் கோப்பு அனுப்பும் சேவைகளை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் லிங்க்கை முதலில் தொடுவது பல நேரம் மனிதரே இல்லை என்பது உங்கள் சர்வர் பதிவுகளிலேயே இருக்கிறது. மெயில் பெறுநரின் பெட்டிக்குள் விழும் முன்பே அலுவலகத்தின் பாதுகாப்பு ஸ்கேனர் (ஆபத்தான லிங்க்கைத் தேடும் மென்பொருள்) லிங்க்கைத் திறந்து பார்க்கிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால், முன்னோட்டத்துக்காக அனுப்புபவரின் போனே திறக்கிறது. ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் அதன் சர்வர் திறக்கிறது. நீங்களோ அதை ஒரு டவுன்லோடாக எண்ணி, கோப்பை அழித்துவிடுகிறீர்கள்.

கணக்கரிடம் பான் கார்டு நகலும் வங்கி அறிக்கையும் போக வேண்டும் என்று வையுங்கள். அவர் சொடுக்கும்போது 'ஏற்கெனவே பதிவிறக்கப்பட்டது' என்று வருகிறது. அனுப்பியவர் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்: அனுப்பிய 4ஆவது விநாடியில், ஏதோ வெளிநாட்டு டேட்டா சென்டரின் ஐபி முகவரி. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி வங்கிக்கு போன் போடுகிறார், பாஸ்வேர்டை எல்லாம் மாற்றுகிறார், கணக்கரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். உங்கள் உதவிப் பிரிவின் பதில்: 'தயவுசெய்து மீண்டும் அனுப்பவும்.' மீண்டும் அனுப்பினால் ஸ்கேனரும் மீண்டும் திறக்கும், ஐயா.

கேட்பது ஒன்றுதான். லிங்க் திறக்கப்பட்டதை டவுன்லோடாக எண்ணாதீர்கள்.

ஸ்கேனரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்களுடையது போன்ற ஃபயர்ஃபாக்ஸ் செண்ட் என்ற கோப்பு அனுப்பும் சேவையைத் தீம்பொருள் பரப்புவோர் பயன்படுத்தியதால் 2020 ஜூலையில் அது நிறுத்தப்பட்டது; திரும்பி வரவே இல்லை. கெட் கோரிக்கை (லிங்க்கைத் திறக்கும்போது பக்கத்தைத் தரும்படி கேட்பது) எதையும் மாற்றக் கூடாது என்பதோ 1999இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 2616 காலத்திலேயே எழுதிவைத்த விதி. 2005இல் கூகுளின் வெப் ஆக்சிலரேட்டர் பக்கங்களை முன்கூட்டியே எடுக்கப் போய், 'நீக்கு' லிங்க்குகளையும் திறந்து பலரின் பதிவுகளை அழித்தது. விளம்பர மெயில் அனுப்புவோருக்கே இது புரிந்துவிட்டது: ஒரே சொடுக்கில் சந்தா விலக, 2017இல் வந்த ஆர்எஃப்சி 8058 போஸ்ட் கோரிக்கையைத்தான் (ஒரு செயலைச் செய்யச் சொல்லி அனுப்புவது) கேட்கிறது. ரகசியக் கோப்பைக் காப்பதாகச் சொல்லும் உங்களுக்கு மட்டும் இன்னும் நேரம் வரவில்லை போலும்.

கோபம் இருக்கட்டும், வேலைக்கு வருவோம். லிங்க் திறந்தால் கோப்பின் பெயர், அளவு, ஒரு பொத்தான் மட்டும் காட்டுங்கள். பொத்தான் போஸ்ட் அனுப்பட்டும். பக்கம் ஏறியதும் ஜாவாஸ்கிரிப்டே அதை அழுத்துவதுபோல் வைக்காதீர்கள். ஸ்கேனர்களும் முழு உலாவியை ஓட்டுகின்றன. சில ஸ்கேனர்கள் பொத்தானையும் அழுத்திப் பார்க்கும். ஆகவே முக்கியக் கோப்புக்கு, வேறு வழியில் சொல்லும் 6 இலக்க எண் ஒன்றையும் கேளுங்கள். யூசர் ஏஜென்ட் (லிங்க்கைத் திறக்கும் மென்பொருள் தன் பெயரைச் சொல்லும் வரி) பார்த்துத் தடுப்பது வீண், பல ஸ்கேனர்கள் குரோம் என்றே பெயர் சொல்லிக்கொண்டு வரும். கடைசி பைட் போன பிறகே எண்ணிக்கையைக் குறையுங்கள். பாதியில் அறுந்தால் தொடர ஒரு 15 நிமிடம் கொடுங்கள். டவுன்லோட் மேனேஜர் ஒரே கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும்போது, அதை நாலு பேர் என்று எண்ணிவிடாதீர்கள்.

சரிபார்ப்பது சுலபம். புது லிங்க் ஒன்றை, உலாவி இல்லாமலே லிங்க்கை எடுக்கும் கர்ல் கட்டளையால் மூன்று முறை எடுத்துவிட்டு, பிறகு உலாவியில் திறந்து பாருங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்றால், திறப்பதை டவுன்லோடாக எண்ணும் அந்த வரியை அடுத்த வெளியீட்டுக்கு முன் எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லிங்க்கை இரண்டாவதாகத் திறப்பவர்கள்