ஓசோன் எல்லாவற்றையும் தடுப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த படத்தில் ஓசோன் படலத்தைக் கெட்டியான குடை போல வரைந்திருந்தீர்கள். புறஊதாக் கதிர்கள் எல்லாமே அதில் பட்டுத் திரும்பிப் போகின்றன! பல வருடம் இயற்பியல் நடத்தியவன். சும்மா விட மனம் வரவில்லை.

கதிர்கள் திரும்பிப் போவதில்லை, உறிஞ்சப்படுகின்றன. கதிரை வாங்கிய ஓசோன், ஆக்சிஜன் மூலக்கூறாகவும் தனி அணுவாகவும் உடைகிறது. அந்த அணு பெரும்பாலும் வேறோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து மறுபடி ஓசோனாகிவிடும். வாங்கிய ஆற்றல் வெப்பமாக மிஞ்சும். ஓசோன் பெரும்பாலும் இருக்கும் வளிமண்டல அடுக்கான அடுக்குமண்டலத்தில் மேலே போகப் போக வெப்பநிலை கூடுவது இதனால்தான்.

அப்புறம் அந்த 'எல்லாமே'. புறஊதாவை அலைநீளப்படி ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அலைநீளம் 280 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதா-சி தரைக்கு வருவதே இல்லை. ஓசோனும் ஆக்சிஜனும் பார்த்துக்கொள்கின்றன. 280 முதல் 315 வரையிலான பி பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். தப்பி வரும் மிச்சம்தான் தோலைச் சிவக்க வைப்பது. வைட்டமின் டி கிடைப்பதும் அதனால்தான். 315 முதல் 400 வரையிலான ஏ-வை ஓசோன் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. அது ஜன்னல் கண்ணாடியைக்கூடப் பெரும்பாலும் தாண்டிவிடும். திருத்திய படம் போடுவதானால் மூன்றுக்கும் தனித்தனி அம்புக்குறி போடுங்கள். ஏ-வின் அம்பு தரையைத் தொடட்டும்.

தடிமனையும் கொஞ்சம் குறையுங்கள். ஓசோன் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. மொத்தத்தையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சராசரியாக 3 மில்லிமீட்டர்தான் தேறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்