ஆண்டறிக்கை 2024–25: எங்கள் ஓவியர் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

பொதுக்குழுவுக்கு வந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், முதல் தடவை வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். போன ஆண்டு நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது என்று புகார். அதனால் இந்த ஆண்டு வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் சுவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் இரங்கல். நம் வடசென்னை மூலக்கொத்தளத்தில் போர்டுக்காரர் என்று சொன்னாலே போதும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் கூழ் வார்க்கும் துணிப் பேனர், சலூன் கண்ணாடி, ஆட்டோவின் பின்னால் திருக்குறள், தேர்தல் வந்தால் எதிரெதிர்க் கட்சிகளுக்கு அடுத்தடுத்த சுவர் என எல்லாம் அந்த ஒரு கைதான். ஸ்கேல் வைத்து நான் பார்த்ததே இல்லை. நீலப் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார், சுவரில் கோடு விழுந்துவிடும். ‘ழ’வின் கீழ்ச்சுழிக்கு வரும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொள்வார். தட்டைப் பிரஷ்ஷை விரலுக்குள்ளேயே உருட்டி, எடுக்காமல் ஒரே இழுப்பில் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்தபிறகு கடைசி வரை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

உட்காரலாம். அவர் எழுதிய போர்டுகளின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று இருக்கும். டீக்கடைக்காரர் அந்த இடத்தைத் தானாகவே விட்டுக்கொடுப்பார், யாரும் கேட்டு வாங்கியதில்லை. இன்றைக்குப் பாலத்துத் தூணில் முப்பது அடி உயரத்துக்குப் படம் வரைகிறோம். கீழே யார் யாருடைய சின்னமோ வருகிறது, வரைந்தவர் பெயருக்கு மட்டும் இடம் இல்லை. இந்த ஆண்டு சங்கம் செய்த வேலையில் பாதி இந்த மூலைக்காகத்தான்.

கொஞ்சம் பழைய கதை. 2009 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டாமல் இருக்கப் படம் வரையச் சொன்னபோது, சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. அப்புறம் 2020இல் கண்ணகி நகர் சுவர்கள் ஊரெல்லாம் பேசப்பட்டன. 2022 செஸ் ஒலிம்பியாடுக்கு நேப்பியர் பாலமே சதுரங்கப் பலகை ஆனது. நல்ல வேலைகள், குறை சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் அந்தப் பக்கம். நம் வடசென்னைப் பக்கம் சுவர் ஓவியம் வரும்போது டிசைன் வேறு எங்கிருந்தோ பென் டிரைவில் வருகிறது. போன ஆண்டு நம் உறுப்பினர்கள் நான்கு பேர் ஒரு தூண் வேலைக்குப் போனார்கள். கையில் பிரிண்ட் அவுட் கொடுத்தார்கள், கட்டம் கட்டமாக எண் போட்டு. 4 என்றால் மஞ்சள், 7 என்றால் கரும்பச்சை. நாள் கூலி. கவின் கலைக் கல்லூரியில் படித்த பெண்ணும் அதே கூலிக்கு அதே எண்களைத்தான் நிரப்பினாள். 1850இல் தொடங்கிய கல்லூரி, பேசின் பாலம் தாண்டினால் எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கே படித்துவிட்டு வந்தும் நம் தெருவில் நாம் கலர் நிரப்புகிறவர்கள்தான்.

டெண்டர் போடலாமே என்று கேட்கிறார்கள். முன்வைப்புத் தொகை, ஜிஎஸ்டி எண், மூன்று ஆண்டு வருமானக் கணக்கு என்று காகிதம் நீளும்போது தனி ஓவியர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார். எடுக்கிறவர் ஒப்பந்தக்காரர், வரைகிறவர் அவர் கூட்டிவரும் ஆள்.

சரி, நாமே செய்த சுவர்கள் மூன்று.

புதுவண்ணாரப்பேட்டைச் சுவர் நல்லபடி முடிந்தது, அதில் கதையும் இல்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவின் பேட்டை. தெருப் பிள்ளைகள் கேரம் போர்டுதான் வேண்டும் என்றார்கள், வரைந்தோம். சிவப்புக் காய் எங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு நாள் சண்டை. ‘சாமி படம் போட்டால் யாரும் ஒன்றுக்குப் போகமாட்டார்கள்’ என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார். சாமியைக் காவலுக்கு நிறுத்தும் வேலை நமக்கு வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டோம்.

காசிமேட்டுச் சுவர் தோல்வி. அதற்குப் பொறுப்பு நான். பழைய செங்கல் சுவர், கடலுக்கு நேர் எதிர். கீழிருந்து ஈரம் ஏறுகிறது, காற்றில் உப்பு வருகிறது. இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூன்று வாரமாவது காயவிட வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்துவிட்டேன் என்பதால் நான் கேட்கவில்லை. சாயங்காலம் பிரைமர், மறுநாள் காலை முதல் கோட். வலை இழுக்கும் பத்துப் பேர், அவர்கள் முதுகு வளைவு, நன்றாகத்தான் வந்தது. டிசம்பர் மழை முடிந்து வெயில் அடித்ததும் உள்ளே இருந்த உப்பு வெள்ளையாகப் பூத்து வெளியே வந்தது. பெயின்ட் அப்பளம் மாதிரி பொருமியது. நகத்தால் தொட்டால் பொலபொலவென்று கொட்டுகிறது. இன்றைய தேதிக்கு வலை இருக்கிறது, இழுக்கிறவர்களில் நாலு பேர் இல்லை.

இதில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை எடுத்து நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம், தொடக்கூடாது. இன்னொன்று, எமல்ஷன் சுவரின் மூச்சை அடைத்துவிடுகிறது. சுண்ணாம்பு அடைப்பதில்லை, ஈரம் வந்த வழியே போய்விடும். வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றிய கலரைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்த தலைமுறை இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தது.

மூன்றாவது எண்ணூர். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்து வீடுகளுக்குள் வந்தது எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வடிந்தும் இடுப்பு உயரத்தில் கறுப்புக் கோடு நின்றுவிட்டது. ஓர் அக்கா தன் வீட்டு வெளிச்சுவரில் அந்தக் கோடு தெரியாமல் ஏதாவது வரைந்து தரச் சொன்னார். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம், சுரண்டினோம், இரண்டு கோட் வெள்ளை அடித்தோம். ஒரு வாரத்தில் அதே இடத்தில் பழுப்பாக ஊறி மேலே வந்தது. மூன்றாவது கோட்டும் அப்படியே. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அந்த அக்காவே சொன்னார்: “விடுங்கப்பா, அது போவாது. அது மேலேயே ஒரு போட்டு வரைஞ்சுடுங்க.” கோட்டைத் தண்ணீர் மட்டமாக வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு ஃபைபர் படகு வரைந்தாள் நம் உறுப்பினர் பெண். படகின் மூக்கில் வழக்கம்போல வீட்டுக்காரர் பெயர். கீழ் மூலையில் தன் பெயரை எழுதலாமா என்று அவள் தயங்கியபோது, “போட்டுக்காரன் பேரு இருக்கு, வரைஞ்ச பொண்ணு பேரு இல்லன்னா எப்படி” என்று அக்கா பெயின்ட் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று சுவரில் கேட்காமலே பெயர் கிடைத்தது இது ஒன்றில்தான்.

படிப்பு வட்டத்தில் ஓர் உறுப்பினர் அமெரிக்க ஊர்களின் பொதுக்கலைத் திட்டங்களைப் பற்றிப் பேசினார். பிலடெல்பியாவில் 1959லேயே கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க விதி போட்டார்கள். அதே ஊரில் 1984இல், சுவரில் கிறுக்கித் திரிந்த பையன்களைக் கூப்பிட்டுப் பிரஷ் கொடுத்துச் சுவரோவியத் திட்டம் தொடங்கினார்கள். சின்ன ஊர்களும் இப்போது இந்த வழியில்தான் போகின்றன. சுவரை அறிவிப்பார்கள், உள்ளூர் ஓவியர்கள் விண்ணப்பிப்பார்கள். பல ஊர்களில் பொறுக்கியெடுத்த சிலருக்கு மாதிரிப் படம் வரைவதற்கே தனியாகப் பணம் உண்டு. தேர்வாகாதவருக்கும் அந்தப் பணம் கிடைக்கும் என்றதும் கூட்டத்தில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. மாதிரிப் படத்தை இலவசமாக வாங்கிக்கொண்டு வேறு ஆளை வைத்து வரைந்துகொண்டது நம்மில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது!

இதை வைத்துத்தான் மனு எழுதினோம். வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023–24 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் 10 கோடி. அவ்வளவு கேட்கும் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை. புதிதாகக் கட்டும் சமுதாயக் கூடம், நூலகம், மார்க்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு சுவரைத் திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரை உள்ள மண்டலங்களில் குடியிருக்கும் ஓவியருக்கு ஒதுக்குங்கள், டிசைனுக்குத் தனிச் சம்பளம், மூலையில் பெயர், இரண்டு ஆண்டு கழித்துத் தொட்டுச் சரிசெய்யக் கொஞ்சம் பணம், இவ்வளவுதான் கேட்டோம். மனு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், முதல் அலுவலகத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. கையில் இருப்பது ஒப்புகைச் சீட்டு மட்டும். இன்னொரு விஷயமும் அதில் சேர்த்தோம். 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை மெரினாவில் இருக்கிறது. பின்னி மில் தொழிலாளர்கள் 1918இல் சங்கம் கட்டிய பெரம்பூர் பக்கம் அவர்களுக்கு ஒரு சுவராவது வேண்டாமா?

மனு ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் உள்ளதை விட வேண்டாம். ஓவியர் நல வாரியத்தில் 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம், 60க்கு மேல் ஓய்வூதியம். நம்மில் பாதிப் பேர் இன்னும் பதியவில்லை. போர்டுக்காரர் பதியாமலே போனார். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எடுத்துவந்தால் இணைச் செயலாளர் ஆன்லைனில் பதிந்து தருவார். மாவட்டக் கலை விருதுகள் வயதுப்படி ஐந்து: 18 வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விண்ணப்பத்தோடு செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். மூலையில் பெயர் இல்லாத சுவரை எப்படி ஆதாரமாகக் காட்டுவது? அதனால் இனி எந்தச் சுவரானாலும், பிரஷ்ஷோடு நீங்கள் நிற்கிற மாதிரி தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று போன ஆண்டு சொன்னது அப்படியே நிற்கிறது, இந்த ஆண்டு கட்டாயம்.

தீர்மானம் ஒன்று உங்கள் முன் வைக்கிறோம்: டிசைனும் நம்முடையது என்றால் நாள் கூலிக்கு ஒப்புக்கொள்வதில்லை, சதுர அடிக் கணக்குத்தான். செயற்குழுவில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். மாதக் கடைசியில் கூலி வேலையையும் விட்டால் அடுப்பு எரியாது என்றார்கள், அதில் நியாயம் இருக்கிறது. விவாதித்து முடிவெடுங்கள்.

கடைசியாக, அலுமினிய ஏணியை எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும் கேள்வி கேட்கமாட்டோம், திருப்பி வைத்துவிடவும். காசிமேட்டுச் சுவரை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மறுபடி எடுக்கிறோம். வரும் ஞாயிறு சாயங்காலம் பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறோம். திங்கள் விடியற்காலை போய்ப் பிரித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் டீ குடிக்கும்போது என்னிடம் சொல்லுங்கள்.