செயலாளர் ஆண்டறிக்கை: எதை விடமாட்டேன்?

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வீட்டாரோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மே 30, உலக எம்.எஸ். தினத்தையும் கடைப்பிடித்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுக்க நம் பேச்சு சோர்வைச் சுற்றியே இருந்ததால், அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் கூட்ட நேரத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினோம். மாலைக் கூட்டத்தில் பாதிப் பேர் சுவரில் தலை சாய்த்துவிடுவார்கள். எம்.எஸ். சோர்வு பலருக்கும் பொழுது ஏற ஏறக் கூடுகிறது. வெப்பம் சேர்ந்தால் இன்னும் மோசம். எம்.எஸ். நோயில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற காப்பு உறை சிதைகிறது; அப்படிச் சிதைந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அது தடைபட்டுப்போகும். உடற்பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே எழுதிவைத்தார். அதற்கு உடல் சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. இத்தனை காலம் மாலையில் கூட்டம் வைத்து உங்களை வாட்டியதற்குச் செயற்குழு சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நரம்பியல் மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். "இதுக்கு மாத்திரை உண்டா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் என்ற மூன்று மருந்துகளையும் 141 பேரிடம் சோதித்த ஆய்வு 2021-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மூன்றில் எதுவும் கூடுதலாகச் சோர்வைக் குறைக்கவில்லை; பக்கவிளைவுகள்தான் அதிகம். அவர் இதைச் சொன்னதும் கூடம் அமைதியாகிவிட்டது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய உதவி: எல்லாச் சோர்வையும் எம்.எஸ். கணக்கில் எழுதிவிடாதீர்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீருக்காக இரவில் பலமுறை எழுவதால் கெடும் தூக்கம், தசை இறுக்கத்துக்குச் சாப்பிடும் மருந்தின் மயக்கம் என ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இவற்றுக்கு வழி உண்டு என்றார். அளவறிந்து செய்யும் உடற்பயிற்சியும் சோர்வைக் குறைக்கும் என்றார்.

அடுத்த மாதம் சோர்வின் கடுமையை அளக்கும் கேள்வித்தாளைக் கொடுத்தோம். 1989-ல் வெளியான அதில் 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். அதோடு நாங்களாக ஒன்று சேர்த்தோம்: வீட்டில் இருப்பவரும் நோயாளி என்ன போடுவார் என்று ஊகித்துத் தனித்தாளில் நிரப்ப வேண்டும். என் கணவருக்காக நான் நிரப்பினேன். ஒன்பதில் எட்டில் அவர் போட்ட எண் என்னுடையதைவிடப் பெரியது. ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்துகொண்டே எனக்கு அது தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் எங்கள் சின்ன மகனிடமும் தாளைக் காட்டினேன். வேலையிலிருந்து வந்ததும் அப்பா கதவைச் சாத்திக்கொள்வது தன் மேல் உள்ள கோபத்தால்தான் என்று அவன் ரொம்ப நாளாக நினைத்திருந்தான். அது அன்றுதான் வெளியே வந்தது. எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இதைப் பேசியபோது ஒரு சகோதரி எழுந்து, "என்னை ஓய்வெடுக்கச் சொல்லி எல்லா வேலையையும் வாங்கிக்கிட்டாங்க. ராத்திரி பொண்ணுக்குக் கதை சொல்றதையும் மாமியார் எடுத்துக்கிட்டாங்க. துணி துவைக்கிறதை எடுத்திருக்கலாமே" என்றார். பக்கத்தில் இருந்த மாமியார் அழுதுவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். மருமகளைக் கேட்கவில்லை, அவ்வளவே.

அன்றிலிருந்து நம் முறை மாறியது. எதைக் குறைக்கலாம் என்று தொடங்குவதை விட்டுவிட்டோம். 'எதை விடமாட்டேன்' என்று நோயாளி முதலில் எழுதுகிறார். இரண்டோ மூன்றோ போதும். அவற்றுக்குத் தெம்பு மிஞ்சும்படி மற்ற வேலைகளை வீட்டார் பங்கிடுகிறார்கள். அந்தச் சகோதரி இப்போது மாலை ஆறு மணிக்குப் படுத்து ஒரு மணி நேரம் கழித்து எழுகிறார்; கதை அவருடையது. இன்னொருவர், மகனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை விடமாட்டேன் என்று எழுதினார். அதற்காக உறவுக்காரர் வீட்டு விசேஷங்கள் சிலவற்றுக்குப் போவதில்லை. அதனால் மனத்தாங்கல் வந்தது, இன்னும் தீரவில்லை. நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுநாள் எழ முடியாமல் கிடக்கும் பழக்கத்தையும் நம்மில் பலரால் விட முடியவில்லை. என் கணவரும் அதில் ஒருவர்.

பராமரிப்பவர்களுக்கெனத் தனிக் கூட்டம் நடத்துவதாகப் போன ஆண்டு தீர்மானித்தோம். இரண்டு முறை அழைத்தும் கூடவில்லை. அவர்களுக்கும் வீட்டை விட்டு வர நேரமில்லை, தெம்பும் இல்லை. வரும் ஆண்டில் தொலைபேசியில் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்ய விரும்புகிறோம். வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடியவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வந்து பேசிய மருத்துவருக்கும், கூட்டங்களுக்கு நாற்காலி போட்டு எடுத்துவைத்த உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டமும் காலையில்தான்; பக்கத்து அறையில் படுக்க இடம் இருக்கும். நடுவில் எழுந்து போகிறவர்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்